மாடியில் கொதிக்குது, பாத்ரூமில் ஆறுது!
வாசகர் கேள்வி – பதில்: சோலார் வாட்டர் ஹீட்டர்

"போட்ட புதிதில் கொதிக்கக் கொதிக்க வந்தது, இப்போது வெதுவெதுப்புதான்." வந்த கடிதங்களில் பல இந்தப் புகாரையே சுற்றிச் சுற்றி வந்தன. ஆகவே ஊரும் தண்ணீரும் மாறுகிற கேள்விகளாகப் பார்த்து எடுத்திருக்கிறோம். கண்ணாடிக் குழல்கள் வரிசையாகத் தொங்குவது டியூப் மாடல். கண்ணாடி மூடிய தட்டையான பெட்டிக்குள் செம்புக் குழாய் ஓடுவது தகடு மாடல். பதில்களில் இந்தப் பெயர்களையே பயன்படுத்துகிறோம்.

எங்கள் வீட்டில் 200 லிட்டர் சோலார், 20 டியூப். மாடியில் பைப்பைத் தொட்டால் கை சுடுகிறது. கீழே பாத்ரூமில் முக்கால் வாளி பச்சைத் தண்ணீர் போன பிறகுதான் வெந்நீர் எட்டிப் பார்க்கிறது. ஆள் வந்து பார்த்துவிட்டு டியூப் கூட்ட வேண்டும் என்கிறார். கூட்டலாமா சார்?
– வாசகர், பொள்ளாச்சி

வேண்டாம். தொட்டியில் எத்தனை துளையோ அத்தனை டியூப்தான் போடமுடியும், ஆகவே அவர் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பது புதுத் தொட்டி. மாடியில் கை சுடுகிறதென்றால் சூரியன் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. கோளாறு மாடிக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் இருக்கிறது.

முதலில் அளந்து பாருங்கள். 100 டிகிரி வரை காட்டும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்றும், லிட்டர் கோடு போட்ட வாளி ஒன்றும் போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வெந்நீரில் விடாதீர்கள். காலையில் வீட்டில் யாரும் குழாயைத் தொடுவதற்கு முன் வெந்நீர்க் குழாயை முழுக்கத் திறந்து, இரண்டு லிட்டருக்கு ஒருமுறை சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 24, 24, 24, 25, 29, 41, 50, 54, 54 என்பது போல ஏறி ஓரிடத்தில் நிற்கும். நிற்கிற எண்தான் தொட்டியின் சூடு. அதற்கு முன் போனதெல்லாம் பைப் குடித்த தண்ணீர்.

இனி கணக்கு. சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) பைப்பில் ஒரு இன்ச் என்றால் மீட்டருக்குச் சுமார் 0.43 லிட்டர் நிற்கும். முக்கால் இன்ச்சில் 0.26, அரை இன்ச்சில் 0.12. மாடித் தொட்டியிலிருந்து பாத்ரூம் வரை 22 மீட்டர் ஒரு இன்ச் பைப் போட்டிருந்தால் ஒன்பதரை லிட்டர் உள்ளே நிற்கிறது. அது வெளியேறிய பிறகும் பைப்பின் சுவர் சூடேற மூன்று, நான்கு லிட்டர் பிடிக்கும். உங்கள் முக்கால் வாளி இதுதான். பச்சைத் தண்ணீரை வாளியில் பிடித்துத் துணிக்குப் பயன்படுத்திக்கொள்வீர்கள், சரி. ஆனால் குளித்து முடித்ததும் அதே ஒன்பதரை லிட்டர் வெந்நீர் பைப்புக்குள் மாட்டிக்கொண்டு ஆறிப்போகிறதே, அந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நான்கு பேர் நான்கு நேரத்தில் குளித்தால் ஒரு நாளைக்கு 38 லிட்டர். தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு!

மூடாத முக்கால் இன்ச் பைப்பில் 60 டிகிரி தண்ணீர் நின்றால், காற்றில்லாத இடத்திலும் முதலில் நிமிடத்துக்கு ஒரு டிகிரி போல இறங்கும். மாடிக் காற்றில் இன்னும் வேகம். இதற்கு மருந்து கறுப்பு நைட்ரைல் ரப்பர் உறை. 13 மி.மீ. தடிமன் குறைந்தபட்சம், வெளியில் ஓடும் பகுதிக்கு 19 மி.மீ. நல்லது. சரியாகப் போர்த்தினால் வெப்ப இழப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். கடையில் மலிவாகத் தரும் வெள்ளை ஃபோம் உறை வெந்நீர்ப் பைப்புக்கு ஆகாது, சுருங்கி இடைவெளி விட்டுவிடும். நைட்ரைலும் வெறும் வெயிலைத் தாங்காது, வெடித்து உதிரும். மேலே அலுமினிய ஃபாயில் டேப் சுற்றுங்கள், அல்லது பெரிய பிவிசி பைப்புக்குள் நுழைத்துவிடுங்கள். உறையைப் பிளந்து மாட்டும்போது பிளவு கீழ்ப்பக்கம் இருக்கட்டும், பசை போட்டு ஒட்டுங்கள். மேலே இருந்தால் மழை புகும். நனைந்த உறை போர்வையல்ல, ஈரத்துணி. எல்போ, வால்வு இவற்றை விட்டுவிட்டு நேர் பைப்புக்கு மட்டும் உறை போட்டுக் கணக்கை முடிப்பவர்கள் உண்டு. நின்று பார்த்து வேலை வாங்குங்கள்.

பைப்பைச் சிறிதாக்கலாமா என்றால், தரைத்தளத்துக்கு இறங்கும் லைனை முக்கால் இன்ச்சாக மாற்றலாம், உயரம் இருப்பதால் ஓட்டம் குறையாது. மாடிக்கு நேர் கீழே உள்ள பாத்ரூமுக்கு ஒரு இன்ச்சே இருக்கட்டும். அங்கே அழுத்தம் ஏற்கெனவே குறைவு, ஷவரில் நூல் போல வரும்.

செலவே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. அடுத்தடுத்துக் குளியுங்கள். ஒருவர் குளித்த பத்து நிமிடத்துக்குள் அடுத்தவர் நுழைந்தால் பைப் இன்னும் சூடாகவே இருக்கும்.

பெரிய வீடு, பைப் 40 மீட்டரைத் தாண்டுகிறது என்றால் மட்டும் சுற்று லைனை யோசியுங்கள். கடைசிக் குழாயிலிருந்து ஒரு பைப் திரும்ப மாடிக்குப் போய், தொட்டிக்குப் பச்சைத் தண்ணீர் வரும் இணைப்பில் என்ஆர்வி (தண்ணீரை ஒரே பக்கமாக மட்டும் விடும் வால்வு) வழியாகச் சேரும். வெந்நீர் தாங்கும் சிறு பம்ப் ஒன்று அதை ஓட்டும். பாத்ரூமில் பெல் சுவிட்ச் வைத்து, குளிக்கப் போகுமுன் ஓரிரு நிமிடம் ஓட்டினால் போதும். நாள் முழுக்க ஓடவிட்டால் வீட்டுச் சுவரெல்லாம் சூடாகும், தொட்டி ஆறிவிடும்.

போர்வெல் தண்ணீர், வாளியில் வெள்ளையாகப் படியும். 150 லிட்டர், 15 டியூப். வருஷா வருஷம் சூடு குறைகிறது. கழுவுவதற்கு ஆள் கிடைப்பதில்லை. நாங்களே செய்யலாமா?
– வாசகி, காங்கேயம்

செய்யலாம். இரண்டு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆனால் வெயில் ஏறிய பிறகு தொடாதீர்கள். முந்தின நாள் மாலையே டியூப்களைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்குங்கள்.

எலெக்ட்ரிக் ஹீட்டர் இருந்தால் அதன் எம்சிபியை அணையுங்கள். பச்சைத் தண்ணீர் வால்வை மூடி, தொட்டியின் அடியில் உள்ள வடிகால் வால்வைத் திறங்கள். இதில் தொட்டி மட்டும்தான் காலியாகும். டியூபின் வாய் மேலே, தொட்டிக்குள் இருப்பதால் டியூப்கள் நிறைந்தபடியே நிற்கும். 58 மி.மீ. தடிமன், 1800 மி.மீ. நீள டியூப் ஒன்றில் இரண்டரை லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும். கண்ணாடியும் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஐந்து கிலோ. வழுக்கும். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய பொருள்.

தொட்டியை ஒட்டியிருக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் விடுங்கள். டியூபை மெல்லத் திருகிக்கொண்டே மேலே, தொட்டிக்குள் தள்ளுங்கள். ஒன்றிரண்டு அங்குலம் ஏறியதும் கீழ்நுனி பிளாஸ்டிக் கிண்ணத்தை விட்டு விடுபடும். நுனியை முன்னுக்கு இழுத்து, திருகியபடியே கீழ்நோக்கி உருவுங்கள். நுனியில் ஒரு சிறு கண்ணாடி முளை இருக்கும். அது உடைந்தால் உள்ளே இருக்கும் வெற்றிடம் போய்விடும், அந்த டியூப் அவ்வளவுதான். தரையில் நிறுத்தும்போது அடியில் பழைய சாக்கு போடுங்கள்.

கவிழ்த்தால் முதலில் தெளிந்த தண்ணீர், பிறகு செம்மண் குழம்பு, கடைசியில் முட்டை ஓடு போல வெள்ளைச் சில்லுகள் விழும். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு இது அடைத்திருந்தால் அந்த ஒரு சாண் வெயில் வீண். நீளக் கைப்பிடி வைத்த நைலான் பிரஷ் விட்டுக் கழுவுங்கள். கம்பி பிரஷ் கூடாது. கண்ணாடியில் விழும் கீறல்தான் பிறகு விரிசலாகிறது.

ஒட்டிக்கொண்ட உப்புக்கு மளிகைக் கடை எலுமிச்சை உப்பு போதும். லிட்டருக்கு 50 கிராம். ஒரு டியூபுக்கு 130 கிராம் வரும். எல்லா டியூபுக்கும் தனித்தனியாகக் கரைக்க வேண்டியதில்லை. மூன்று டியூப்களை நிழலில் சாய்த்து வைத்து ஊற்றுங்கள், குமிழ் வருவது நின்றதும் அதே கரைசலை அடுத்த மூன்றுக்கு மாற்றுங்கள். குமிழே வராத நிலையில்தான் புதிதாகக் கரைக்க வேண்டும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கொஞ்சம் தொட்டியில் தங்கினாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குண்டூசித் துளை போட்டுவிடும். வேலை சீக்கிரம் முடிகிறது என்று வெளி ஆட்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் இதைத்தான்.

டியூப் துளைகள் வழியாகத் தொட்டிக்குள்ளும் பிரஷ் விட்டு அலசுங்கள். துளையில் உள்ள சிலிக்கான் வளையத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கித் திரும்பினால் இருக்கட்டும், கட்டையாகிப் போனதை மாற்றுங்கள். நான்கைந்து வளையங்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது புத்திசாலித்தனம். ஒன்று கிழிந்தால் அன்றைக்கு முழுக் குடும்பத்துக்கும் பச்சைத் தண்ணீர்க் குளியல்.

டியூப்களை மாட்டித் தண்ணீர் நிரப்புவது வெயில் படுமுன் முடியவேண்டும். முடியவில்லையா, தார்ப்பாயை எடுக்காதீர்கள். காலி டியூப் வெயிலில் நின்றால் உட்சுவர் 200 டிகிரியைத் தாண்டும். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் படீரென்று வெடிக்கும். மூடாமல் விட்டுவிட்டீர்கள் என்றால் நிரப்புவதை இரவுக்குத் தள்ளிப்போடுங்கள்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதைத் தண்ணீர்தான் சொல்ல வேண்டும். டிடிஎஸ் மீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள், அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். பரிசோதனைக் கூடத்தில் கடினத்தன்மை எவ்வளவு என்று கேளுங்கள். லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் என்றால் இரண்டு வருடம் தாங்கும். 600 வரை வருடம் ஒருமுறை. அதற்கும் மேலே என்றால் ஆறு மாதம், அல்லது ஆற்றுக் குடிநீர் வரும் வீடாக இருந்தால் சோலாருக்கு மட்டும் அந்தத் தண்ணீரைத் திருப்புங்கள். தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டும்போது சுண்ணாம்பு படிவது வேகமெடுக்கும். ஆகவே சித்திரை, வைகாசியில் நான்கைந்து டியூப்களைப் பழைய வேட்டியால் சுற்றி மூடி வையுங்கள். அந்த வெயிலில் மீதி டியூப்களே தாராளம்.

பைப்பில் மாட்டினால் உப்பே படியாது என்று காந்தம் விற்கிறார்கள். அந்தக் காசுக்கு எலுமிச்சை உப்பு வாங்கினால் பல வருடங்களுக்கு வரும்.

ஒரு டியூபின் கீழ்நுனி மட்டும் வெள்ளையாகிவிட்டது. மற்றவை கண்ணாடி போலப் பளபளக்கின்றன. அழுக்கா?
– வாசகர், தேனி

அழுக்கல்ல. நுனியில் வெள்ளி போலத் தெரிவது பேரியம் பூச்சு, வெற்றிடம் இருக்கும்வரைதான் பளபளக்கும். காற்று புகுந்ததும் பால் வெள்ளையாகிவிடும். இனி அந்த டியூப் வெப்பத்தைப் பிடித்துவைக்காது, இரவில் தொட்டியின் சூட்டையும் வெளியே விடும். நல்ல டியூபின் வெளிச்சுவர் உச்சி வெயிலிலும் கொதிக்காது, இது தொட்டாலே சுடும். மாற்றிவிடுங்கள். வாங்கும்போது நீளமும் தடிமனும் பழையதோடு ஒத்துப்போகிறதா, ஐஎஸ் 16543 முத்திரை உண்டா என்று பாருங்கள்.

மாடித் தொட்டியின் மேலே நீட்டியிருக்கும் குழாயிலிருந்து அடிக்கடி தண்ணீர் கொட்டுகிறது. அன்றைக்கு வெந்நீரும் சூடாக இருப்பதில்லை. போன மாதம் பிரஷர் பம்ப் போட்டோம், அதற்குப் பிறகுதான். குழாயின் வாயை மூடிவிடலாமா?
– வாசகி, சென்னை தாம்பரம்

மூடவே கூடாது. அது காற்றுக் குழாய். மூடினால் அழுத்தம் ஏறித் தொட்டி உப்பி வெடிக்கலாம், தண்ணீர் இறங்கும்போது காற்று நுழைய வழியில்லாமல் உள்வாங்கி நசுங்கவும் செய்யும். சாதாரண டியூப் மாடல் தொட்டிகள் அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல.

கேள்வியிலேயே காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள். பச்சைத் தண்ணீர் லைன் இப்போது பம்பின் அழுத்தத்தில் ஓடுகிறது, வெந்நீர் லைன் வெறும் உயரத்தை நம்பி இறங்குகிறது. பாத்ரூமில் மிக்ஸரின் இரண்டு திருகும் திறந்திருக்க, கை ஷவரை அதன் வாயில் உள்ள பட்டனில் மட்டும் மூடினால், பச்சைத் தண்ணீர் மிக்ஸருக்குள் புகுந்து வெந்நீர்ப் பைப் வழியாகத் தலைகீழாக மாடிக்கு ஏறும். தொட்டி வழிந்து காற்றுக் குழாயில் கொட்டும். ஏறியது பச்சைத் தண்ணீர், ஆகவே சூடும் போச்சு.

சந்தேகத்தை ஐந்து நிமிடத்தில் தீர்க்கலாம். மாடியில் சோலார் தொட்டிக்குப் பச்சைத் தண்ணீர் வரும் வால்வை மூடுங்கள். கீழே மிக்ஸர் இல்லாத ஒரு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். பச்சைத் தண்ணீர் கீழே புகுந்து தள்ளினால்தான் மேலே உள்ள வெந்நீர் வெளிவரும் என்பதால், பைப்பில் இருப்பது வடிந்ததும் ஓட்டம் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒரு மிக்ஸர் கலந்துவிடுகிறது. ஒவ்வொரு பாத்ரூமாக மிக்ஸரின் கீழ் உள்ள ஆங்கிள் வால்வை மூடிக்கொண்டே வாருங்கள். எதை மூடியதும் ஓட்டம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

தீர்வு, அந்த மிக்ஸருக்குப் போகும் வெந்நீர் லைனில் ஒரு என்ஆர்வி. ஸ்பிரிங் வகை வேண்டாம், உயரத்தை மட்டும் நம்பி இறங்கும் லைனில் அது ஓட்டத்தைக் கெடுக்கும். ஸ்விங் வகையைப் படுக்கையாக ஓடும் பகுதியில், அம்புக்குறி மிக்ஸரைப் பார்க்கும்படி மாட்டுங்கள். செங்குத்தாக இறங்கும் பைப்பில் மாட்டினால் அதன் நாக்கு திறந்தே தொங்கும். ஷவரில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே வேகத்தில் வர வேண்டுமானால் வெந்நீர் லைனிலும், தொட்டிக்குப் பிறகு, வெந்நீர் தாங்கும் பம்ப் ஒன்று தேவை. பம்பின் தள்ளும் பக்கத்தைச் சோலார் தொட்டியின் நுழைவாயிலில் கொடுக்கும் எலெக்ட்ரீஷியனை மாடியை விட்டு இறக்கிவிடுங்கள்.

கண்ணாடியைத் தினமும் துடைக்க வேண்டுமா?
– வாசகர், கரூர்

தகடு மாடல் என்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதிகாலையில், ஈரத்துணியால். உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி விரியும். டியூப் மாடலில் உருண்டைக் கண்ணாடி என்பதால் நல்ல மழை ஒன்று வந்தாலே தூசு போய்விடும். மழையில்லா மாதங்களில் மாதம் ஒருமுறை போதும். அந்த நேரத்தில் டியூப்களின் கீழே உள்ள தளத்துக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடியுங்கள். இரண்டு டியூபுக்கு நடுவே தரையில் விழும் வெயில் திரும்பி டியூபின் முதுகில் படும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எலெக்ட்ரிக் ஹீட்டரைப் போட்டுவிடுகிறோம். 200 லிட்டர் தொட்டிக்குள் 2 கிலோவாட் ஹீட்டர். இரவு முழுக்க ஆன். கரன்ட் பில் எகிறுகிறது. வேறு வழி?
– வாசகர், கும்பகோணம்

இரவு முழுக்க ஓட்டுவதில் நஷ்டம் இரண்டு மடங்கு. இரவெல்லாம் தொட்டி விடும் சூட்டுக்கும் கரன்ட் கட்டுகிறீர்கள். காலையில் வெயில் வந்தாலும் தொட்டி ஏற்கெனவே 60 டிகிரியில் நிற்பதால் சூரியனுக்கு அங்கே வேலை இல்லை.

மேகமூட்டமான நாளில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 லிட்டரை 45க்கு ஏற்ற 3 யூனிட் ஆகும், ஒன்றரை மணி நேரம். தெர்மோஸ்டாட்டை 45இல் வைத்து, டைமரில் காலை நான்கரை முதல் ஆறு வரை மட்டும் ஓட்டுங்கள். இதுவே பில்லைக் கணிசமாகக் குறைக்கும்.

இன்னும் நல்ல வழி, தொட்டி ஹீட்டரை அணைத்துவிட்டுக் கீழே பாத்ரூமில் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் வைப்பது. சோலாரிலிருந்து வரும் 32 டிகிரி தண்ணீர் அதன் வழியாகப் போகும். நிமிடத்துக்கு மூன்று லிட்டர் ஓட்டத்தில் 14 டிகிரி வரை ஏற்றும். நான்கு பேருக்கு 120 லிட்டர் குளியல் தண்ணீரை 32இலிருந்து 40க்குக் கொண்டுவர 1.1 யூனிட்தான். 3 யூனிட் எங்கே, இது எங்கே! உங்களுக்குத் தேவை 120 லிட்டர், தொட்டி ஹீட்டர் காய்ச்சுவதோ 200 லிட்டர். வித்தியாசம் அதில்தான் வருகிறது. ஆனால் வெயில் நாளில் 70 டிகிரி தண்ணீர் கீசருக்குள் போகக்கூடாது, பிளாஸ்டிக் உடம்புள்ள கீசர் தாங்காது. மூன்று வால்வு வைத்துக் கீசரைச் சுற்றிப் போகும் பாதை ஒன்று அமையுங்கள். வெயில் காலத்தில் கீசர் வால்வுகளை மூடி, சுற்றுப் பாதையைத் திறந்துவிட்டால் தீர்ந்தது. கீசரானாலும் தொட்டி ஹீட்டரானாலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரன்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) ஒழுங்கான எர்த்தும் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். தினம் 3 யூனிட் என்றால் 180 யூனிட் ஏறும். மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விலை கூடும். அதனால் 480இல் நிற்கிற வீட்டுக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்.

பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டி அறை கட்டியிருக்கிறார். எங்கள் சோலாரிலிருந்து தெற்கே பத்தடி. ஆனி மாதம் பார்த்தபோது நிழல் விழவில்லை. மார்கழியில் வெந்நீரே வருவதில்லை.
– வாசகர், மதுரை

ஆனியில் பார்த்தால் எப்படி விழும்? ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வேளையில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. நிழல் பார்க்க வேண்டிய மாதம் மார்கழி. டிசம்பர் 21 நண்பகலில் நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய 56 டிகிரி உயரத்தில் இருக்கும், சுவரின் உயரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக நிழல் வடக்கே நீளும். காலை ஒன்பதுக்கு உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதுவும் வடமேற்காகச் சாய்ந்து. சோலார் நிற்கும் தளத்துக்கு மேல் எட்டடி உயரும் சுவர் என்றால் காலையில் பன்னிரண்டடி நிழல்.

ஒன்பது முதல் மூன்று வரை கிடைக்கும் வெயில்தான் தண்ணீரைக் காய்ச்சுகிறது. காலையில் மட்டும் நிழல் விழுந்தால் ஸ்டாண்டை இரண்டு மூன்றடி கிழக்கோ மேற்கோ நகர்த்திப் பாருங்கள். நண்பகலிலும் விழுந்தால் ஸ்டாண்டை உயர்த்த வேண்டும். உயர்த்தும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள், பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் அடிமட்டம் சோலார் தொட்டியின் தலையைவிட ஓரடியாவது மேலே இருக்க வேண்டும். காற்றுக் குழாயின் வாய் பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் நிறைமட்டத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும். நகர்த்துகிற கையோடு சாய்வையும் பாருங்கள். நமக்கு வெந்நீர் வேண்டியது குளிர்காலத்தில். மதுரை பத்தாவது அட்சரேகை. அதோடு 10, 15 கூட்டி 20லிருந்து 25 டிகிரி சாய்வு வைத்தால் மார்கழி வெயில் நேராக விழும். கோடையில் கொஞ்சம் குறையும், அப்போது யாருக்கு வேண்டும்?

கோத்தகிரியில் வீடு. தகடு மாடலா, டியூப் மாடலா? பனியில் பைப் வெடிக்கும் என்கிறார்கள்.
– வாசகி, கோத்தகிரி

டியூப். நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இடங்கள் உண்டு. தகடு மாடலின் மெல்லிய செம்புக் குழாய்கள் இரவில் வானத்தைப் பார்த்தபடி ஆறும். உள்ளே தண்ணீர் உறைந்தால் விரிந்து குழாயைப் பிளக்கும். டியூபில் வெற்றிடம் காக்கும். ஆனால் வெளியே ஓடும் பைப்பை அது காக்காது. உங்கள் ஊரில் 19 மி.மீ. உறை கட்டாயம், பச்சைத் தண்ணீர்ப் பைப்புக்கும் சேர்த்து. மலையில் வருகிற தண்ணீரே சில்லென்று இருப்பதால் கீழ்நாட்டில் 100 லிட்டர் போதும் என்ற குடும்பத்துக்கு அங்கே 150 வேண்டும்.

ஏற்கெனவே தகடு மாடல் வைத்திருப்பவர்கள் தொட்டியின் அடிமட்டம் தகட்டின் மேல்விளிம்பைவிட ஓரடி உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சமமாக இருந்தால் இரவில் ஓட்டம் திரும்பி, பகலில் சேர்த்த சூட்டைத் தகடே வெளியே விட்டுவிடும்.

வெந்நீர்ப் பைப் எல்போவில் அடிக்கடி கசிகிறது. மூன்று முறை ஒட்டியாகிவிட்டது.
– வாசகர், திருச்சி

ஒட்டியவர் மேல் தப்பில்லை. சிபிவிசி சூட்டில் நீளும். பத்து மீட்டர் நேர் பைப் 50 டிகிரி ஏறினால் மூன்று சென்டிமீட்டர் நீளும், ஆறினால் சுருங்கும். இரண்டு முனையையும் சுவரில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தால் தினமும் அந்த இழுப்பு எல்போவுக்குத்தான். நடுவில் 'ப' வடிவத்தில் ஒரு வளைவு விடுங்கள், படுக்கையாக. நிமிர்த்தி வைத்தால் அதன் உச்சியில் காற்று அடைத்து ஓட்டமே நின்றுவிடும். கிளாம்ப்பைப் பைப் நகரும் அளவுக்குத் தளர்த்துங்கள். தொட்டியிலிருந்து முதல் ஒன்றரை மீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பாக இருப்பது நல்லது. ஊருக்குப் போய் நான்கு நாள் வெந்நீர் எடுக்காமல் இருந்தால் கொதிநிலைக்குப் பக்கத்தில் நிற்கும் தண்ணீர் முதலில் வந்து தாக்குவது அந்த இடத்தைத்தான்.

மாலையில் இரண்டு பேர் குளித்தால் காலையில் மற்ற இருவருக்கு வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. தொட்டி சிறியதா, அல்லது சூட்டைக் காப்பதில்லையா? 150 லிட்டர்.
– வாசகி, சேலம்

மாலையில் நீங்கள் எடுத்த அளவுக்குப் பச்சைத் தண்ணீர் உள்ளே புகுந்து, இரவெல்லாம் கலந்து நிற்கிறது. படுக்கைத் தொட்டியில் சூடும் குளிர்ச்சியும் தனித்தனி அடுக்காக நிற்பது கஷ்டம். ஆனால் தொட்டி மேலும் சந்தேகம் இருக்கிறதல்லவா, அதைத் தனியாகச் சோதியுங்கள். ஒரு நாள் மாலை ஆறுக்கு மேல் யாரும் வெந்நீர் எடுக்காதீர்கள். ஆறு மணிக்கு ஒருமுறை, மறுநாள் காலை ஆறுக்கு ஒருமுறை, முதல் பதிலில் சொன்னபடி எண் நிற்கும் வரை ஓடவிட்டு அளந்து பாருங்கள். ஏழெட்டு டிகிரி குறைந்திருந்தால் தொட்டி நன்றாக இருக்கிறது. பதினைந்துக்கு மேல் இறங்கினால் உள்ளே சூட்டைக் காக்கும் பஃப் நுரை நனைந்திருக்கலாம். வெளித் தகட்டின் அடிப்பக்கம் தடவிப் பாருங்கள், ஈரமோ துருக்கோடோ தெரிந்தால் உள்தொட்டி கசிகிறது. நனைந்த பஃப்பை உலர்த்திச் சரிசெய்ய முடியாது.

தொட்டி நன்றாக இருக்கிறதென்றால், மாலைக் குளியலை வெயில் இறங்குமுன், நான்கு மணிக்குள் முடிக்கப் பாருங்கள். புகுந்த பச்சைத் தண்ணீருக்கு இன்னும் ஒரு மணி நேர வெயிலாவது கிடைக்கும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு அது ஒத்துவராது என்றால், மாலையில் குளிக்கும் இருவரில் ஒருவரைக் காலைக்கு மாற்றிவிடுங்கள். இரவில் கலந்து நிற்கும் பச்சைத் தண்ணீர் பாதியாகும்.